எண்ணெய் வண்டியும் மின்வண்டியும்

 

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் தூத்துக்குடிப் பட்டறைகளிலும் உழைத்த கைகள் நம்முடையவை. ஆயினும் பட்டறையில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கழிவெண்ணெய் வடிக்கும் வேலையே. பொறியைப் பற்றிய அறிவு அன்று.

2025 ஆகஸ்டு 4ஆம் நாள் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆகவே இவ்விரு வண்டிகளின் வேறுபாட்டை நாம் அறிதல் வேண்டும்.

பெட்ரோல், டீசல் எஞ்சினுள் எரிபொருள் எரிகிறது, பிஸ்டன் உராய்கிறது. எஞ்சின் ஆயில் உராய்வைத் தணித்து, வெப்பத்தையும் கரியையும் ஏந்திக் கறுக்கிறது. ஆதலால் அதனைக் காலந்தோறும் மாற்றுகிறோம். மின்மோட்டாரில் எரிதல் இல்லை. எனவே எஞ்சின் ஆயிலும் இல்லை.

அதனால் பராமரிப்பே வேண்டாம் என்பது தவறு. மோட்டாரின் சுழற்சியைக் குறைத்துச் சக்கரத்திற்குத் தரும் பற்சக்கரப் பெட்டிக்கு எண்ணெய் வேண்டும். பேரிங்குகளுக்குக் கிரீஸ் வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். அதையும் மாற்ற வேண்டும். வேகம் தணிகையில் மோட்டாரே மின்னாக்கியாகி வண்டியைத் தடுப்பதால் பிரேக் கட்டைகள் குறைவாகவே தேயும். ஆனால் அதிகம் உரசப்படாத பிரேக் தட்டுகள் நம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். ஆரஞ்சு நிற உறையிட்ட மின்வடங்களில் பாய்வது பல நூறு வோல்ட்; பயிலாதவர் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே பார்த்துப் பார்த்துப் பழகும் பழைய வழி இங்கே செல்லாது. நம் மகன் மட்டுமன்று, மகளும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர வேண்டும். ஆலை நம் மண்ணில் எழுந்த பின்னும் அதன் வாயிலைப் பெருக்குவோராகவே நிற்பதா, பொறியைத் திறந்து பார்ப்போராக உள்ளே செல்வதா என்பதை நம் வகுப்பறைகளே தீர்மானிக்கும்.