யாருக்கு விடுதலை?

(ஃபேர்லேண்ட்ஸில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். "பெண்ணுரிமை பற்றிப் பேசுங்க டீச்சர்" என்று கேட்டீர்கள். ஐரோப்பாவில் ஆரம்பிக்கிறேன். பயப்படாதீங்க, சீக்கிரம் நம்ம ஊருக்கு வந்துவிடுவேன்.

சுமார் 250 வருஷத்துக்கு முன்னால் அங்கே சில அறிஞர்கள், "மனுசனுக்குப் பகுத்தறிவு இருக்கு, யார் சொன்னாலும் யோசித்துத்தான் ஏற்கணும்" என்றார்கள். அவர்களில் பெரிய பெயர் ரூசோ. அவரே 1762-ல் 'எமில்' என்ற புத்தகத்தில், பெண்ணுக்குப் படிப்பு என்பது ஆணுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளத்தான் என்று எழுதிவிட்டார். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் நடத்தி, எழுதிப் பிழைத்த மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-ல் ஒரு புத்தகமே எழுதி அதற்குப் பதில் சொன்னார். படிக்க விடாமல் வைத்துவிட்டு, பெண்ணுக்கு அறிவில்லை என்பது என்ன நியாயம்? சாப்பாட்டுக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறவளுக்குச் சுதந்திரம் ஏது? இதுதான் அவர் கேட்டது.

அதே கேள்வி நம்ம நாட்டிலும் எழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் பெரியாரின் சுயமரியாதை மாநாடு, ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சட்டம் வர 60 வருஷம் ஆனது. 1989-ல் தமிழ்நாட்டில், அப்போது கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கிடைத்தது. 2005-ல் நாடு முழுக்க, கல்யாணம் ஆன மகளுக்கும் வந்தது. அதே 1989-ல்தான் பக்கத்துத் தருமபுரியில் அரசுத் திட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. சொத்தும் சேமிப்பும் ஒரே வருஷத்தில் நம்மைத் தேடி வந்தன.

இப்போ என் கதை. 2008-ல் அப்பா இறந்து மூன்றாம் மாதம், அண்ணன் பத்திரத்தோடு வந்தார். "ஒரு கையெழுத்துதான்மா" என்றார். ரூசோவைக் குறை சொல்லிப் பாடம் நடத்திய நான், ஒரு வரி படிக்காமல் போட்டேன். படித்துப் பார்த்தால் அண்ணன் மனசு நோகுமே என்று பயம். என் பங்கு போனது. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. யாருக்கு விடுதலை?

நிலம் போனதை விட, படிக்காமல் போட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

நீங்க அப்படி இல்லை. குழுக் கூட்டத்தில் 500 ரூபாய் உள்கடன் என்றாலும் தீர்மானத்தை வாசித்துக் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு போங்க. பங்கைக் கூடப் பிறந்தவருக்குக் கொடுப்பதும், வைத்துக்கொள்வதும் உங்க இஷ்டம். எதைச் செய்தாலும் தெரிந்து செய்யுங்க. எழுத்து வராதவர்கள், குழுவில் ஒருத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. அதற்குக் கூச்சமே வேண்டாம். படித்த நானே ஏமாந்தேன்.