ஒரே ஆறு, இரண்டு நகரங்கள்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

வாந்திபேதி வந்தால் காளியின் கோபம் என்றார்கள் நம் பாட்டன்மார். ஏழைகளின் அசுத்தமே காரணம் என்றார்கள் படித்த கனவான்கள். இரண்டும் பொய் என்பதை 1892-ல் நிரூபித்தது ஒரு நகரம். அந்தக் கதையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில், எல்பே நதிக்கரையில் இருக்கிறது ஹாம்பர்க் துறைமுகம். அதை ஒட்டியே அன்று ஆல்டோனா என்ற தனி நகரம் இருந்தது. தெருவின் இந்தப் பக்கம் ஹாம்பர்க், அந்தப் பக்கம் ஆல்டோனா. இரண்டும் ஒரே ஆற்றுத் தண்ணீரையே குடித்தன. சொல்லப்போனால் ஆல்டோனா எடுத்த தண்ணீர்தான் மோசம். இரண்டு ஊர்ச் சாக்கடையும் கலந்த பிறகு, கீழே எடுத்த தண்ணீர் அது. ஆனால் ஆல்டோனாவில் அதை மணலில் வடிகட்டிக் குழாயில் விட்டார்கள். ஹாம்பர்க்கில் வடிகட்டாமல் அப்படியே விட்டார்கள்.

ஏன்? ஹாம்பர்க்கை ஆண்டது பெரும் வியாபாரிகளின் செனட் சபை. வடிகட்டும் நிலையத்துக்குப் பணம் யார் கொடுப்பது என்று செனட்டும் வீட்டுச் சொந்தக்காரர்களும் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். கட்டும் வேலை தொடங்கவே வெகு காலம் ஆயிற்று!

1892 ஆகஸ்டில் காலரா புகுந்தது. துறைமுகத் தொழிலாளிகள் சுருண்டு விழுந்தார்கள். செனட் வாய் திறக்கவில்லை. காலரா என்று சொன்னால் கப்பல்கள் நிற்கும்; வியாபாரம் படுத்துவிடும். ஒரு வாரம் இப்படியே போயிற்று. 1884-ல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்த ராபர்ட் கோக் ஆகஸ்ட் 24-ல் வந்து இறங்கினார். அதன் பின்பே காய்ச்சிய தண்ணீர் வண்டியில் வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, வீடுகளில் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது.

எச்சரிக்கைத் துண்டறிக்கைகளை வீடு வீடாகக் கொடுக்க ஆள் வேண்டுமே? செனட் யாரிடம் போய் நின்றது தெரியுமா? தொழிலாளிகளின் சோஷல் டெமாக்ரடிக் கட்சியிடம்! 1878 முதல் 1890 வரை சட்டம் போட்டு நசுக்கப்பட்ட அதே கட்சியிடம்! ஒவ்வொரு சந்திலும் ஆள் வைத்திருந்தது அந்தக் கட்சிதான்.

ஹாம்பர்க்கில் மாண்டவர்கள் சுமார் 8,600 பேர். அதிகம் மாண்டவர்கள் ஏழைகள். தண்ணீரைக் காய்ச்சப் பணக்காரன் வீட்டில் வேலைக்காரி உண்டு. சந்தில் குடியிருப்பவனுக்கு விறகு ஏது? அடுத்த தெருவான ஆல்டோனாவிலோ நோய் பரவவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே ஆல்டோனாத் தண்ணீரைக் குடித்த ஒரு குடியிருப்பும் தப்பிற்று. அதே காற்று, அதே மண், அதே வறுமை. தண்ணீர் மட்டும் வேறு!

பல வருஷம் இழுத்தடித்த வடிகட்டும் நிலையம், பிணங்கள் விழுந்த பிறகு 1893-ல் அவசரமாகத் திறக்கப்பட்டது. ஆக, பணமும் இருந்தது, வழியும் இருந்தது. மனந்தான் இல்லை.

தோழர்களே! காலரா இன்னும் உலகை விட்டுப் போகவில்லை. நாளை புதிய தொற்று எதுவும் வரலாம். நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று: ஆலைக் குடியிருப்புக்கும் சேரிக்கும், சீமான்கள் வீதிக்கு வரும் அதே சுத்தமான, குளோரின் கலந்த தண்ணீர். இரண்டு: நோய் கண்ட அன்றே உண்மையைச் சொல்ல வேண்டும், மூடி மறைக்கக் கூடாது. மூன்று: நோயால் ஒதுங்கியிருக்கும் நாட்களுக்குக் கூலி. கூலி போகுமென்று பயந்தால் எவன் நோயை வெளியே சொல்வான்?

நம் கடமையும் உண்டு. தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்போம். பேதி கண்டவருக்கு உடனே உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். ஒவ்வொரு தெருவிலும் சங்கத்தின் ஆள் ஒருவர் இருக்கட்டும்.

சுத்தமான தண்ணீர் தர்மமல்ல, நம் உரிமை. பிணம் விழுமுன் அதைக் கேட்டுப் பெறுவோம்!