திரும்பி வர ஒரு வழி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா என்னை மேடைக்குக் கூப்பிட்டா கணக்கு எழுதுறதைப் பத்தித்தான் பேசச் சொல்வாங்க. இந்த வருஷம் தலைவி அக்கா, "வட்டி, தவணை எல்லாம் வேண்டாம். நீ படிக்கிற கதைகளைப் பத்திப் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. சரின்னேன். ஆனா பேசி முடிக்கிறதுக்குள்ள தவணையும் வந்துடும், பொறுத்துக்குங்க.

நம்மில் பலர் ரமணிசந்திரன் நாவல் படித்தவர்கள். நூற்றுக்கும் மேல் எழுதியிருக்கிறார். கதை எப்படிப் போகும் என்று நமக்கே தெரியும். இரண்டு நல்லவர்கள், நடுவில் ஒரு தப்பான புரிதல், கொஞ்சம் வீம்பு, கடைசியில் மனம் விட்டுப் பேசி ஒன்று சேர்வார்கள். "முடிவு தெரிஞ்ச கதையை எதுக்குப் படிக்கிறே?" என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, மாம்பலத்தில் ரயில் பிடித்து வீடு போகிற பெண்ணுக்கு, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. கையில் இருக்கிற புத்தகத்திலாவது நல்லபடியாக முடியும் என்று தெரிந்தால், அது அவளுக்கு ஓய்வு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இந்த மாதிரிக் கதைகளை நமக்குக் கொடுத்த பெண்களின் வாழ்க்கையைப் பாருங்கள். கதையைவிட அது பெரிய கதை.

பக்கத்தில் இருக்கிற திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர் வை.மு. கோதைநாயகி. 1901-ல் பிறந்தவர். ஐந்து வயது தாண்டிய உடனே கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை மட்டும் வாயில் அருவி மாதிரி வரும். அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி உட்கார்ந்து எழுதினார். அப்படி வந்ததுதான் 'இந்திர மோகனா' என்ற முதல் நாடகம். பிறகு கோதைநாயகி தானே எழுதக் கற்றுக்கொண்டார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்த ஆரம்பித்தார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். மொத்தம் 115 நாவல்கள். அந்தத் தோழி அன்றைக்கு, "உனக்கு எழுத்து வராது, உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் குழுக்களில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அக்காமார்கள் இன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலும் ஒரு பட்டம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொருவர் லட்சுமி. நிஜப் பெயர் திரிபுரசுந்தரி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது வீட்டில் பண நெருக்கடி. ஆனந்த விகடனில் கதை எழுதி, அந்தப் பணத்தில் படிப்பை முடித்து டாக்டர் ஆனார். கல்யாணமாகி தென்னாப்பிரிக்கா போனார். அங்கே கணவரை இழந்தார். 1977-ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தார். அப்போது வயது ஐம்பத்தாறு. நாமாக இருந்தால், "இனிமே என்ன, பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்" என்போம். அவர் மறுபடி பேனாவைப் பிடித்தார். 1984-ல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இரண்டாவது வாய்ப்பு என்று கதையில் எழுதுவது சுலபம். அவர் வாழ்ந்தே காட்டினார்.

இப்போது கொஞ்சம் கசப்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதைகள் எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டாம். சில கதைகளில் கோபக்காரக் கணவன் ஒரே அத்தியாயத்தில் திருந்திவிடுவான். நிஜத்தில் அடிக்கிற கை அப்படி ஒரே நாளில் மாறாது. கதையில் அவள் மன்னித்தாள் என்பதற்காக நீங்களும் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. குழுவில் வந்து சொல்லுங்கள். இரண்டாவது வாய்ப்பு முதலில் உங்களுக்கு, அப்புறம்தான் அவனுக்கு.

இன்னொன்று. கதையில் கஷ்டப்படுகிற பெண்ணைக் காப்பாற்றக் காரில் ஒருவன் வருவான். நம் தெருவுக்குக் கார் வராது, சந்து அவ்வளவு குறுகல். நம் தெருவுக்கு வருவது நாம்தான்.

நான் கணக்கு எழுதுகிற ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்தச் சகோதரி இட்லிக் கடை போட்டிருந்தார். வீட்டுக்காரர் விழுந்து கால் உடைந்தது. கடை நின்றது. நாலு தவணை கட்டவில்லை. கூட்டத்தில் பேச்சு வந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் பேச்சு வந்தது. அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எதிரில் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். வெளியில் வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

குழுவில் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனார்கள். பாஸ்புக் எடுத்துப் போகவில்லை. கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பழைய நாவலைக் கொடுத்து, "இதைப் படிச்சிட்டு அடுத்த கூட்டத்துல திருப்பிக் கொடுத்துடு, வரிசையில இன்னும் மூணு பேர் இருக்காங்க"ன்னு சொல்லிவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தார். கதவு ஓரமாக நின்று, "புத்தகம் கொடுக்க வந்தேன்" என்றார். உட்காரச் சொன்னோம். கடன்பட்டவள் என்று உள்ளே வர அவருக்கு முகம் இல்லை. புத்தகம் கொடுக்க வருகிறவளாக வர முடிந்தது. அன்றைக்கே தீர்மானம் எழுதினோம். மாசம் 2,000 ரூபாய் தவணையை 500 ஆக்கினோம். கடையை மறுபடி போட்டார். மெதுவாகத்தான் கட்டினார், ஆனால் முழுசாகக் கட்டி முடித்தார். இன்றைக்கு இந்த அரங்கில்தான் இருக்கிறார். எங்கே என்று காட்ட மாட்டேன்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் நம் மாதிரிக் குழுக்கள் ஆரம்பித்தபோது, பெண்களை நம்பிக் கடன் கொடுப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. நம்மை நம்பினார்கள், நாம் வளர்ந்தோம். அதே நம்பிக்கையை ஒருத்தி தடுக்கி விழும்போது நாம் அவளுக்குக் கொடுக்கிறோமா? ஒவ்வொரு குழுவின் பதிவேட்டிலும் "விலகியவர்" என்று சிவப்பு மையில் எழுதிய பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை இந்த வாரம் திறந்து பாருங்கள்.

என் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, குழுவுக்கு ஒரு புத்தகப் பெட்டி வைப்போம். கோபாலபுரத்தில் 1955-ல் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியிலிருந்து எத்தனையோ வீட்டுப் பெண்கள் கதைப் புத்தகம் எடுத்துப் படித்தார்கள். நம் பெட்டிக்கு வாடகை வேண்டாம். ஆளுக்கு ஒரு புத்தகம் கொண்டு வந்தால் பன்னிரண்டு பேர் குழுவில் பன்னிரண்டு புத்தகம். பின்னால் ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதினால் போதும். படிக்கத் தெரியாத அக்காவுக்குக் கூட்டம் முடிந்து பத்து நிமிஷம் யாராவது படித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, வருகிற பொங்கலுக்குள் ஒவ்வொரு குழுவும் விலகிப் போன ஒருத்தி வீட்டுக்காவது போய் வாருங்கள். கையில் நோட்டீஸ் வேண்டாம், கணக்கு நோட்டும் வேண்டாம். ஒரு புத்தகம் கொண்டு போங்கள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.