மறுமொழி வாராதபோது



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நான் பணியாற்றிய நிறுவனத்தின் கருமபீடத்தின் முன்னே வந்து நின்றார். அவர் கையிலே இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவருடைய சேமிப்புக் கணக்கின் கூற்று. மற்றையது மின்சாரப் பட்டியல். அந்த மாதக் கட்டணத்தை அவர் எங்கள் நிறுவனத்தின் வாயிலாக ஒருமுறைதான் செலுத்தியிருந்தார். கணக்கிலோ அதே தொகை, அதே நாளில், இருமுறை கழிக்கப்பட்டிருந்தது.

"தம்பி, நான் ஒருக்காத்தானே கட்டினனான். உங்கடை மெசின் ஏன் ரெண்டுதரம் எடுத்தது?" என்று கேட்டார்.

கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் என்னையே அழைத்து விடை கூறச் சொன்னார்கள். என்னால் அப்பொழுது விடை கூற முடியவில்லை. "ரீச்சர், மூன்று நாள் பொறுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டதையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன். தனித்தனிக் கணினிகளிலே இயங்கும் இரு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேச வைப்பது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

பிற கணினிகள் கேட்பவற்றைச் செய்து கொடுப்பதற்கென்றே இரவு பகலாக விழித்திருக்கும் கணினியைச் சேவையகம் என்பர். ஒரு பெரிய நிறுவனத்திலே இத்தகைய சேவையகங்கள் பல இருக்கும். ஒன்றிலே சேமிப்புக் கணக்கு, இன்னொன்றிலே பட்டியற் கட்டணம், வேறொன்றிலே ஊழியர் சம்பளம். எல்லாவற்றையும் ஒரே கணினியில் வைத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இம்மென்பொருள்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. ஒன்று பழுதுபட்டால் மற்றையதும் சேர்ந்து விழுந்துவிடக் கூடாது. சம்பளப் பிரிவினர் பார்க்கக் கூடியதைக் கட்டணப் பிரிவினர் பார்க்கக் கூடாது. ஆதலின் பிரித்து வைக்கின்றோம். பிரித்து வைத்தவற்றைப் பின்னர் பேசவும் வைக்கின்றோம்.

இணைப்பை ஏற்படுத்தும் வேலையைத் தொடங்குபவர் முதலில் நான்கு காரியங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது முகவரி: எந்தச் சேவையகத்தை அழைப்பது? இரண்டாவது வாயில்: அச்சேவையகத்திலே பல மென்பொருள்கள் குடியிருக்க, அவற்றுள் எதனுடைய கதவைத் தட்டுவது? இவ்வாயில்களுக்கு எண்கள் உண்டு. மூன்றாவது தீச்சுவர்: வேண்டாதாரைத் தடுக்கும் அக்காவல் நம்முடைய தூதனையும் தடுத்துவிடாமல், இன்ன முகவரியிலிருந்து இன்ன வாயிலுக்கு வருவதை விடுக என்று கட்டளையிடல். நான்காவது அடையாளம்: வந்திருப்பவன் உரியவன்தான் என்பதற்குக் கடவுச்சொல்லோ சான்றிதழோ காட்டல்.

இந்த முதற் கட்டத்திலேயே பலர் இடறி விழும் ஓரிடம் உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் 127.0.0.1 என்றொரு முகவரி இருக்கின்றது. அதன் பொருள் "நானே" என்பதாகும். ஜாவா மொழியில் எழுதிய மென்பொருள்களை இயக்கும் வைல்ட்ஃபிளை போன்ற சேவையக மென்பொருள், பாதுகாப்புக் கருதி, நிறுவியவுடன் அந்த முகவரியில் மாத்திரமே செவி சாய்க்கும். அதே கணினியிலிருந்து அழைத்தால் உடனே பதில் வரும். அடுத்த அறையில் உள்ள கணினியிலிருந்து அழைத்தால் வாராது. வீட்டாருடைய குரலுக்கு மட்டும் திறக்கும் கதவு அது. அதைவிட வேடிக்கையான இன்னொன்றும் உண்டு. சில முறைகளிலே, முதலில் அழைத்தவரிடம் சேவையகம், "இனி என்னை இந்த முகவரியில் அழையுங்கள்" என்று ஒரு சீட்டை நீட்டும். தன் முகவரி "நானே" என்று அது எண்ணியிருந்தால் சீட்டிலும் அதையே எழுதும். சீட்டை வாங்கியவர் அந்த "நானே" என்பதைத் தம்மையே குறிப்பதாகக் கொண்டு, தம் வீட்டுக் கதவைத் தாமே தட்டிக்கொண்டு நிற்பார்.

கதவு திறந்துவிட்டால் அடுத்தது மொழி. அனுப்பும் தரவு எந்த வடிவில் இருக்கும் என்று இரு பக்கத்தாரும் உடன்பட வேண்டும். வடிவம் ஒத்திருந்தாற் போதாது. பொருளும் ஒத்திருக்க வேண்டும். இதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. 1998 டிசம்பரிலே அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கிரகத்தின் காலநிலையை ஆராய ஒரு விண்கலத்தை அனுப்பியது. அதன் சிறு உந்துகைகளின் அளவைப் பூமியிலே ஒரு மென்பொருள் கணித்துக் கோப்பாக எழுதியது. கலத்தின் பாதையைக் கணிப்போருடைய மென்பொருள் அக்கோப்பைப் படித்தது. எழுதியது இறாத்தல் அளவிலே. படித்தது நியூற்றன் அளவிலே. கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. எண்களும் எழுத்துப் பிசகாமல் சேர்ந்தன. ஆனால் அவ்வெண்களின் பொருள் நாலரை மடங்கு வேறுபட்டது. செவ்வாய்க்கு மேலே ஏறத்தாழ 226 கிலோமீற்றர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம், 1999 செப்டெம்பர் 23 ஆம் நாள் 57 கிலோமீற்றர் அளவுக்குத் தாழ்ந்து, காற்றுமண்டலத்துக்குட் புகுந்து தொலைந்தது. கம்பியில் குறை இல்லை, உடன்பாட்டிலேதான் குறை.

நேயர்களே, முகவரியும் வாயிலும் மொழியும் சரியாக அமைந்தன என்று வைத்துக்கொள்வோம். எங்கள் நிறுவனத்திலும் அவையெல்லாம் சரியாகவே இருந்தன. அவ்வாறாயின் ஆசிரியையின் பணம் இருமுறை போனது எங்ஙனம்?

ஒரே கணினிக்குள்ளே மென்பொருளின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைப்பது எளிது. அழைத்தால் வேலை நடக்கும். இல்லையேல் இரண்டுமே ஒருங்கே நின்றுபோகும். இந்த எளிமையைத் தொலைவிலுள்ள கணினிக்கும் தர முடியுமா என்று அமெரிக்காவிலே சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் அன்ட்ரூ பிரல், புரூஸ் நெல்சன் என்னும் இருவர் முயன்று, 1984 இல் தாம் கண்டதை வெளியிட்டனர். தொலைச் செயல் அழைப்பு என்பது அதன் பெயர். பின்னே வந்த பல முறைகளுக்கு அது முன்னோடி. அவ்விருவரும் தம் முறையைப் பற்றி மிக நேர்மையான ஓர் உண்மையைச் சொன்னார்கள். பதில் வந்தால், வேலை சரியாக ஒருமுறை நடந்தது என்று கொள்ளலாம். பதில் வாராது பிழை என்ற அறிவிப்பு வந்தாலோ, வேலை ஒருமுறை நடந்தும் இருக்கலாம், நடவாமலும் இருக்கலாம்.

இந்தப் பிற்பாதியிலேதான் எங்கள் பிழை ஒளிந்திருந்தது. மறுமொழி வாராமைக்கு மூன்று காரணங்கள் இருக்கக் கூடும். கேள்வி போகும் வழியிலே தொலைந்திருக்கலாம். கேள்வி போய்ச் சேர்ந்து, வேலையும் முடிந்து, பதில் திரும்பும் வழியிலே தொலைந்திருக்கலாம். அல்லது ஒன்றுமே தொலையாமல், அங்கே வேலை மெதுவாக நடந்துகொண்டிருக்கலாம். காத்திருப்பவருக்கு மூன்றும் ஒரே மௌனமாகத்தான் தோன்றும். ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதில் காணாத மகனுடைய நிலை இது. கடிதம் கிடைக்கவில்லையோ, பதில் கிடைக்கவில்லையோ, தாய் இன்னும் எழுதி முடிக்கவில்லையோ, அவன் எவ்வாறு அறிவான்?

மேலும் மேலும் உறுதிச் செய்திகளை அனுப்பினால் இந்த ஐயம் தீராதா என்று கேட்கலாம். தீராது. கடைசியாக அனுப்பிய உறுதிச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற ஐயம் எப்பொழுதும் எஞ்சி நிற்கும். 1975 இலேயே இதனை அறிஞர் எடுத்துக் காட்டினர். 1978 இல் ஜிம் கிரே என்பவர், தூதர் வழியாகப் போருக்கு நாள் குறிக்க முயலும் இரு தளபதிகளின் கதையாக இதனை விளக்கினார். நம்பத்தகாத வழியிலே பேசும் இருவர் இந்த ஐயத்தை முற்றாக நீக்கவே முடியாது.

ஐயத்தை நீக்க முடியாவிடினும், அதனால் தீங்கு வாராமற் செய்ய முடியும். வழி மிகப் பழையது. நமது தபாற் கந்தோரிலே பதிவுத் தபாலுக்கு இலக்கம் இடுகின்றார்கள் அல்லவா? அதே வழிதான். அழைப்பவர் ஒவ்வொரு வேலைக்கும், முதன்முறை அனுப்புவதற்கு முன்னரே, ஒரு தனி இலக்கம் இட வேண்டும். பதில் வாராது மீண்டும் அனுப்ப நேர்ந்தால், அதே இலக்கத்துடனேயே அனுப்ப வேண்டும். பெறுபவர் தாம் செய்து முடித்த வேலைகளின் இலக்கங்களைப் பதிந்து வைக்க வேண்டும். பதிந்த இலக்கம் மீண்டும் வந்தால், வேலையை மீண்டும் செய்யாமல், முன் சொன்ன பதிலையே திரும்பச் சொல்ல வேண்டும். இன்னும் ஒன்று: பணத்தைக் கழிப்பதும் இலக்கத்தைப் பதிவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருத்தல் வேண்டும். பணத்தைக் கழித்து இலக்கத்தைப் பதியுமுன் மின்சாரம் நின்றுவிட்டால், காவல் பயனற்றுப் போகும்.

எங்கள் சேவையகங்களிலும் இலக்கம் இருந்தது. மூன்றாம் நாள் இரவு பதிவேடுகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. அன்று மாத இறுதி. சேமிப்புக் கணக்குச் சேவையகம் வேலைப் பளுவினால் மெதுவாக இயங்கியது. கட்டணச் சேவையகம் முப்பது செக்கன் காத்திருந்து, பொறுமை இழந்து, கேள்வியை மறுபடியும் அனுப்பியது. அனுப்பும்போது புதியதோர் இலக்கத்தை இட்டு அனுப்பியது. சேமிப்புக் கணக்கின் கண்ணுக்கு அவை இரண்டு தனிக் கட்டளைகள். இரண்டையும் அது உண்மையாகவே நிறைவேற்றியது. முதற் கேள்விக்கான பதில், கேட்டவர் கதவைச் சாத்திய பின்னர் வந்து சேர்ந்தது.

இரு மென்பொருளும் தத்தம் வேலையைப் பிழையின்றிச் செய்தன. இலக்கம் யாருடையது, அது எப்பொழுது பிறக்க வேண்டும் என்பதைத்தான் ஒருவரும் பேசி முடிவு செய்யவில்லை.

அந்தப் பதிவேட்டிலே ஆசிரியையின் பெயர் மட்டும் இருக்கவில்லை. வேறு சிலரும் இருந்தனர். அவர்கள் வந்து கேட்கவில்லை. கூற்றை வாசித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதோர் சிலர்; வந்து போகப் பஸ் கட்டணம் செலவழிக்க முடியாதோர் சிலர் ஆகலாம். கேட்டவருக்கும் கேளாதவருக்கும் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு மூதாட்டி தாள்களை எடுத்துக்கொண்டு வந்திராவிட்டால், நாங்கள் எப்பொழுது அறிந்திருப்போம் என்பது எனக்குத் தெரியாது.

அதன்பின் நாங்கள் மூன்று மாற்றங்களைச் செய்தோம். இலக்கம், வாடிக்கையாளர் பணம் செலுத்தும் கணத்திலே ஒரேயொரு முறை பிறக்கும்படி வைத்தோம். உடனடிப் பதில் தேவைப்படாத செய்திகளைச் செய்தி வரிசைக்கு மாற்றினோம். தபாற் பெட்டியைப் போன்றது இவ்வரிசை. பெறுபவர் உறங்கினாலும் செய்தி பத்திரமாகக் காத்திருக்கும். ஐ.பி.எம். நிறுவனம் 1993 இல் வெளியிட்ட எம்.கியூ. சீரீஸ் முதலாகப் பல மென்பொருள்கள் இப்பணியைச் செய்கின்றன. அவற்றிலும் ஒரு செய்தி இருமுறை வந்து சேரும் சந்தர்ப்பம் உண்டாதலால், இலக்கத்தைக் கைவிடலாகாது. மூன்றாவதாக, நாடோறும் இரவிலே இரு சேவையகங்களின் கணக்கையும் ஒப்பிட்டு, ஒவ்வாதவற்றைக் காலையில் ஒரு மனிதன் பார்க்கும்படி செய்தோம். கடை சாத்துமுன் கல்லாவையும் கணக்கேட்டையும் ஒப்பிடும் வணிகர் இதனைப் பன்னெடுங்காலமாகச் செய்து வருகின்றனர்.

இத்துறையில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இணைப்பு வேலை செய்கின்றது என்று கண்டவுடன் எழுந்து போய்விடாதீர்கள். கேள்வி போனபின், பதில் வருமுன், கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். அப்பொழுது என்ன நடக்கின்றதோ அதுவே நீங்கள் அமைத்த இணைப்பின் உண்மைத் தரம்.

ஏனைய நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் செலுத்தும்போது திரை அசையாது நின்றால், உடனே மறுபடி அழுத்தாதீர்கள். உங்கள் மீதியை முதலிற் பாருங்கள். பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

ஆசிரியையிடம் இவற்றையெல்லாம் நான் விளக்கிச் சொன்னேன். பொறுமையோடு கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப, மறுமொழி வரேல்லையெண்டா 'இல்லை' எண்டு அர்த்தமில்லை. இதை நான் பள்ளிக்கூடத்திலை எத்தினை பிள்ளையளிட்டைப் பாத்திருக்கிறன், தம்பி."