வெள்ளணுவின் நடைக்கணக்கு

 

உயர்கணக்கைத் தமிழில் எங்ஙனம் நடத்துவீர் என்று ஒருவர் என்னிடம் நகைத்தார். அவர்க்கு விடையாகவே இவ்வுரை.

1882-இல் மெசினா நகரில் மெச்னிக்காவு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடுமீன் குஞ்சினுள் முள்ளைச் செருகினார். மறுநாட் காலை அம்முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் திரண்டு நின்றன. திரண்டமை கண்ணுக்குத் தெரிந்தது. திரளும் நெறி தெரியக் கணக்கு வேண்டியிருந்தது.

1971-இல் கெல்லரும் சீகலும் அணுக்களின் செலவுக்குச் சமன்பாடு அமைத்தனர். ஒற்றையணு உயிர்களுக்கென எழுந்த அது, பின்னர் வெள்ளணுவுக்கும் பயன்படலாயிற்று. அதன் கூறுகள் இரண்டு: கண்டவாறு அலைதல், ஈர்க்கும் பொருள் செறிந்த பக்கம் சாய்தல். முன்னதை அலைநடை என்பேன். பின்னதைச் சாய்நடை என்பேன்.

ஈர்ப்பில்லாவிடத்து அலைநடையே எஞ்சும். அலைவோன் இருமடங்கு தொலைவு விலக நான்மடங்கு நேரமாகும், பதின்மடங்குக்கு நூறுமடங்கு! (கட்குடியன் வீடு திரும்புவதை எண்ணுக.) மணித்துளிக்கு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கே நகரும் வெள்ளணு, இவ்வாறே அலைந்தால் அரிய பகையை எப்போது எட்டும்? நோய் முந்திவிடாதா?

2012-இல் எலியின் மூளையில் ஒட்டுண்ணியைத் தேடிய ஒருவகை வெள்ளணுக்களைக் கண்டு கணக்கிட்டனர். குறுநடை பல நடந்து, இடையிடையே அவை நெடுநடை போயின. பிரான்சு நாட்டுக் கணக்கறிஞர் இலெவியின் பெயரால் வழங்கும் நடைக்கு அஃது இனமானது. எளிய அலைநடையினும் அந்நடை இலக்கை விரைந்து காணும் என்றது கணக்கு.

மில்லிமீட்டர் கடன்சொல். அலைநடை, சாய்நடை, நெடுநடை என்பவற்றினும் செவ்விய சொல் உடையோர் எனக்கு எழுதுக, மாற்றிக்கொள்வேன்.