ரோமில் நான்கு நாள்

ரோமுக்குப் போகத் திட்டமிடுபவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது நாட்காட்டி. நகரின் பழம்பெரும் இடங்கள் பெரும்பாலும் நடந்தே போகக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. ஆனால் எந்தக் கிழமையில் எந்த வாசல் அடைத்திருக்கும் என்று பார்க்காமல் கிளம்பினால் பாதிப் பயணம் வீணாகிவிடும். வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். அன்று கூட்டம் நெரியும். போர்கேசே கலைக்கூடம் திங்களன்று மூடியிருக்கும். புதன் காலை, திருத்தந்தை ஊரில் இருந்தால், பொதுமக்களைச் சந்திப்பது வழக்கம். அந்த நேரத்தில் புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியும் என்று நம்பிப் போகக் கூடாது.

அடுத்தது முன்பதிவு. கொலோசியம், வாட்டிகன் அருங்காட்சியகம், போர்கேசே ஆகிய மூன்றுக்கும் நாளும் நேரமும் குறித்துச் சீட்டு வாங்கிய பிறகே மற்றவற்றைத் திட்டமிட வேண்டும். கொலோசியம் சீட்டு ஒரு மாதத்துக்கு முன்புதான் விற்பனைக்கு வரும். வருபவரின் பெயரிலேயே சீட்டு இருக்கும் என்பதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். போர்கேசேயில் முன்பதிவு இல்லாமல் நுழையவே முடியாது. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசாவும் தேவை. அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

முதல் நாள் காலையைக் கொலோசியத்துக்குத் தருவது நல்லது. பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்துவைத்த இந்த அரங்கில் ஏறத்தாழ 50,000 பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அதே சீட்டில் பக்கத்திலுள்ள பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தையும் பாலட்டைன் குன்றையும் பார்க்கலாம். ஃபோரத்தில் நிழல் குறைவு; கோடையில் உச்சி வெயிலுக்கு முன் அங்கிருந்து வெளியேறிவிட வேண்டும். அங்கே பேரரசர் மாக்ஸென்டியஸ் கட்டிய பிரம்மாண்டமான மண்டபம் நிற்கும் இடத்தில், அதற்கு முன் பேரரசர் டொமீஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. சேர நாட்டு முசிறியில் கப்பலேறிய மிளகு போய்ச் சேர்ந்த சந்தை இந்த நகரம். தமிழர்கள் அந்த இடத்தில் சற்று நேரம் நிற்பதில் நியாயம் இருக்கிறது.

கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமென்டே தேவாலயம் இருக்கிறது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத இடம். தெருவிலிருந்து நுழைவது 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். பீடத்துக்கு மேலே பொன்னிற மொசைக்கில் சிலுவையின் அடியிலிருந்து கொடிகள் கிளம்பிச் சுருண்டு படர்கின்றன. உள்ளே ஒரு படிக்கட்டு வழியாக இறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். சுவரோவியங்கள் மங்கலாகத் தெரியும். இன்னும் இறங்கினால் கி.பி. முதல் நூற்றாண்டுக் கட்டடங்கள், அவற்றுக்கிடையே ஒரு குறுகலான சந்து. அதன் அருகே மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறை: இரு பக்கமும் கல் திண்ணை, நடுவில் காளையை வீழ்த்தும் மித்ராவின் உருவம் செதுக்கிய பலிபீடம். சுவருக்குப் பின்னால் எங்கோ நீர் ஓடும் சத்தம் கேட்கும். மேலே உள்ள தேவாலயத்துக்கு அடியில் இத்தனை இருப்பது 1857இல் தொடங்கிய அகழ்வில்தான் வெளிப்பட்டது.

ரோம் முழுக்கவே இப்படித்தான். டைபர் ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலும், இடிபாட்டை நிரவி அதன் மேலேயே கட்டும் வழக்கமும் தரைமட்டத்தை உயர்த்திக்கொண்டே வந்தன. தோண்டினால் ஏதாவது கிடைக்கும் என்பதால் மெட்ரோ ரயில் பழைய நகரின் நடுப்பகுதிக்குள் அதிகம் நுழையவில்லை. மெட்ரோவின் சி தடத்துக்காகத் தோண்டியபோது பேரரசர் ஹேட்ரியன் காலத்துப் படைவீரர் குடியிருப்பே வெளிவந்தது. ஆகவே நல்ல செருப்பும் நடக்கும் மனமும் வேண்டும். கருங்கல் பாவிய தெருக்கள் காலைச் சோதிக்கும்.

இரண்டாம் நாள் முழுவதும் வாட்டிகனுக்கு. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டினார். அங்கே படமெடுக்க அனுமதி இல்லை. பேராலயத்துக்குக் கட்டணம் கிடையாது. நுழைந்ததும் வலப்புறத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இறந்த மகனை மடியில் ஏந்திய மரியாளின் பளிங்குச் சிலை இருக்கிறது. குவிமாடத்தின் உச்சிக்கு 551 படிகள். மின்தூக்கியில் ஏறினாலும் 320 படிகள் மிச்சம். வாட்டிகனோடு வேறொரு பெரிய இடத்தை அதே நாளில் சேர்ப்பது இரண்டையும் கெடுக்கும்.

மூன்றாம் நாள் நடைக்கு. பழைய ரோமானியக் கோவிலான பாந்தியனின் குவிமாடம் கம்பி இல்லாத கான்கிரீட்டால் ஆனது. அதன் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதுவே. எடை குறைய மேலே போகப் போகக் கனமான கற்களை விட்டு நுரைக்கல்லைக் கலந்தார்கள். உச்சியிலுள்ள திறப்பு வழியே மழை உள்ளே பெய்யும். அந்த நீர் தரையிலுள்ள சிறு துளைகளில் வடிந்துவிடும். கொஞ்ச தூரத்தில், சான் லூயிஜி தேவாலயத்தில், கரவாஜ்ஜியோவின் மூன்று மத்தேயு ஓவியங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பல தேவாலயங்கள் மதியம் மூடி மாலையில் திறப்பதால் காலையிலேயே போய்விடுவது மேல்.

நடக்கும்போது தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. தெருவோர வார்ப்பிரும்புக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வளைந்த மூக்கின் வாயை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துளையிலிருந்து நீர் பீச்சும், அப்படியே குடிக்கலாம். காப்பியைக் கடை மேடையருகே நின்று குடித்தால் செலவு குறைவு. மேசையில் உட்கார்ந்தால் விலை ஏறும். சைவம் உண்பவர்களுக்குத் துண்டு வெட்டி எடைபோட்டு விற்கும் பிட்சா கைகொடுக்கும்.

நான்காம் நாள் காலை போர்கேசே. இரண்டு மணி நேரம்தான் அனுமதி. அதில் பெர்னினியின் அப்பல்லோ-டாஃப்னே சிலைக்கு நிறைய நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பல்லோவிடமிருந்து ஓடி மரமாக மாறும் டாஃப்னேயின் விரல் நுனிகளில் பளிங்கு இலைகளாக மெலிந்து முளைப்பதைச் சுற்றி வந்து பார்த்தால்தான் தெரியும். பிற்பகலில், கி.மு. 312இல் போடத் தொடங்கிய ஆப்பியன் சாலைக்குப் பேருந்தில் போகலாம். அங்குள்ள நிலத்தடிக் கல்லறைகள் ஒவ்வொன்றுக்கும் வார விடுமுறை வேறு வேறு கிழமையில் வரும். கோடையிலும் உள்ளே குளிரும் என்பதால் ஒரு மேலாடை எடுத்துப் போக வேண்டும்.

ஊர் திரும்ப, டெர்மினி நிலையத்திலிருந்து ஃபியூமிசினோ விமான நிலையத்துக்கு நேரடி ரயில் இருக்கிறது. 32 நிமிடப் பயணம்.