தறி நின்றாலும் பெயர் கெடக் கூடாது

(ஆரணியில் இளைஞர்கள், வியாபாரிகளிடையே ஆற்றிய உரை)



2020 மார்ச் 25. நாடெங்கும் ஊரடங்கு. நம் ஆரணியில் தறிச் சத்தம் நின்றது. பட்டுச் சேலை வாங்க ஆளில்லை, நெசவாளிக்குக் கூலியில்லை. கடன் தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது. அரசு மூடச் சொன்னது, அவன் மூடினான். இதில் அவன் செய்த குற்றம் என்ன?

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி தந்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அப்படித் தள்ளிவைத்ததைக் கட்டத் தவறிய கடனாகச் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தெரிவிக்கக் கூடாது என்றும் சொன்னது.

கவனியுங்கள்! அது வங்கிகளுக்குத் தந்த அனுமதி, கட்டளை அல்ல. வட்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் வட்டிக்கு வட்டி கூடாது என்றது. முழு வட்டியையும் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது.

'சிபில் நமக்கெதற்கு?' என்று இருந்துவிடாதீர்கள் இளைஞர்களே! கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. 2025-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் சரியென்றது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அதே 2025-ல் நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு 43 நாட்கள் முடங்கியது. ஊழியர் பலருக்குச் சம்பளம் நின்றது. அங்கே இரகசியப் பணிக்கான பாதுகாப்பு அனுமதிக்குக் கடன் பாக்கியையும் பார்க்கிறார்கள். முடக்கியவர் ஒருவர், பெயர் கெடுவது இன்னொருவருக்கு!

நாம் செய்ய வேண்டியது என்ன? நெருக்கடி வந்தால் வாய்ப்பேச்சோடு நிற்காமல், அவகாசம் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், வாங்கிப் பாருங்கள். பிழையிருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாட்களில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வியாபாரிகளே! உங்களிடமும் முன்பணம் வாங்கிய தொழிலாளி இருக்கிறான். தறி நின்ற மாதத்தை அவன் கணக்கில் குற்றமாக எழுதாதீர்கள். நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் தருவது நம் மார்க்கம் சொல்லும் கடமை. வங்கியிடம் நாம் கேட்கும் நீதியை நம் கடையிலிருந்தே தொடங்குவோம்!